பின்னால் நடந்து வருகிறவர்களுக்கு ஒரு வரைபடம்

அத்தை வீட்டு அலமாரியில் ஒரு நீளமான காகிதப் பட்டை இருக்கிறதே, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ரயில் பாதை என்று விரித்து விளையாடினீர்களே, அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மாதக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தை நீளவாக்கில் வெட்டி, பசை தடவி ஒன்றோடு ஒன்று ஒட்டி, விசிறி மாதிரி மடித்தது அது. முழுசாக விரித்தால் கூடத்தில் தொடங்கி வாசல்படி வரை போகும். நடுவில் நீலப் பேனாவால் ஒரு ரோடு. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் படங்கள். சொட்டு போட்டிருந்தால் குடிதண்ணீர் கிடைக்கும். குடை போட்டிருந்தால் மர நிழல். நாற்காலி என்றால் யாரும் விரட்டாமல் உட்காரலாம். ஓர் இடத்தில் நாய் படம் போட்டு, “ரெண்டு நாய். கல் எடுக்காதே. பேசாமல் போ” என்று எழுதியிருக்கும். அது ரயில் பாதை இல்லை, பிள்ளைகளா. புதுச்சேரியிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற வழி. உங்கள் மாமா அத்தைக்காக வரைந்தது.

அத்தை எனக்கு அக்கா. அவளைக் கட்டியவர் எனக்கும் மாமாதான், உங்களுக்கும் மாமாதான். அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் முத்தியால்பேட்டையில் ஒரே தெருவில் குடியிருந்தோம். மாமா புதுச்சேரியிலிருந்து காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். காதில் பேனா, விரல்களுக்கு நடுவில் மடித்துச் சொருகிய நோட்டுகள், சட்டைப் பையில் விசில். வீட்டிலும் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. கதவு நிலையில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேதான் காப்பி குடிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றபோது, “உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் காலியாத்தான் இருக்கு” என்று தன்னையறியாமல் குரல் கொடுத்துவிட்டார். பூசை வைத்துக்கொண்டிருந்த சாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அக்காவுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. நடப்பாள், ஆனால் மெதுவாக. எங்கள் தெருவிலிருந்து வருஷா வருஷம் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் காவி உடுத்திக்கொண்டு ஒரு கூட்டம் நடந்தே போகும். முன்னால் மாதா சொரூபம் வைத்த சின்னத் தேர், நடுவில் ஜனங்கள், கடைசியில் அரிசி மூட்டையும் அண்டாவும் ஏற்றிய குட்டியானை வண்டி. நாங்களெல்லாம் நடப்போம். அக்கா அண்டாவோடு வண்டியில் வருவாள். நாங்கள் போய்ச் சேருவதற்குள் உலை கொதித்துக்கொண்டிருக்கும். இதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை. அவளும் அப்படித்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மாமா இந்தப் பட்டையை வரைந்த வருஷம், நடைக்குப் பெயர் கொடுக்கப் போன இடத்தில் அக்கா, “நான் நடந்து வரேன். வண்டில ஏற மாட்டேன்” என்றாள்.

எங்கள் கூட்டத்துக்குத் தலைவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். சொல்தா என்றுதான் எல்லோரும் சொல்வோம், நேரில் மரியாதையாக மிசே. நடையையும் பட்டாளம் மாதிரியே நடத்துவார். “அவான்ஸே!”, முன்னால் நட என்று பிரெஞ்சில் அவர் ஒரு சத்தம் போட்டால் போதும், கொப்புளம் வந்த காலும் நடக்கும். நல்ல மனுஷர். அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பொறுமையாகத்தான் பேசினார்.

“மனசு இருந்தா போதும்மா. நீ வண்டியில வந்தாலும் நடந்து வந்த மாதிரிதான். மாதாவுக்குத் தெரியாதா?”

“மாதாவுக்குத் தெரியும் மிசே. எனக்குத் தெரிய வேணாமா?” என்றாள் அக்கா.

சொல்தா மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு, கூட்டம் யாருக்காகவும் நிற்காது, பின்தங்கினால் பின்தங்கியதுதான், பொழுது சாய்ந்தும் தங்கும் இடம் வந்து சேரவில்லை என்றால் வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும், அப்போது மாட்டேன் என்று சொல்லக் கூடாது என்றார். அக்கா சரி என்றாள். கூட நடக்க நான் ஒத்துக்கொண்டேன். மாமாதான் வந்திருக்க வேண்டும். ஆனால் திருவிழாச் சமயத்தில் அந்த ரோட்டில் ஓடுகிற எந்தக் கண்டக்டருக்கும் லீவு கிடையாது. கேட்டுப் பார்த்தார். முதலாளி சிரித்தாராம்.

அதற்கப்புறம்தான் மாமா அந்தப் பட்டையைத் தொடங்கினார். தேரோடு போகிறவனுக்கு வழி தெரிய வேண்டியதில்லை, முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்தால் போதும். பின்னால் தனியாக வருகிறவளுக்குத்தான் எங்கே தண்ணீர், எங்கே நிழல் என்று தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. காலையில் போகும்போது பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. டிக்கெட் கிழிக்கவே கை போதாது. திரும்பி வரும்போது வண்டி காலியாக இருக்கும். கடைசி சீட்டில் உட்கார்ந்து, அட்டையை மடியில் வைத்துக்கொண்டு குறிப்பு எடுப்பார். நிறுத்தத்தில் இறங்கி டீக்கடைக்காரரிடம், “லேடீஸ் பாத்ரூம் போறதுன்னா இங்க எங்கண்ணே?” என்று கேட்பார். டிரைவர், “என்னய்யா, ரோட்டை வெலைக்கு வாங்கப் போறியா?” என்று கிண்டல் பண்ணுவாராம்.

தூரத்தை அவருக்குத் தெரிந்த மாதிரிதான் எழுதினார். “இங்கிருந்து அடுத்த தண்ணி, ஃபுல் வண்டிக்கு டிக்கெட் போட்டு முடிக்கிற தூரம்” என்று ஓர் இடத்தில் இருந்தது. அக்கா அதைப் படித்துவிட்டு, “முகூர்த்த நாளா, சாதா நாளா?” என்று கேட்டாள். மாமா கோபித்துக்கொண்டு பேனாவை மூடிவிட்டார். மறுநாள் பார்த்தால் அதை அடித்துவிட்டு, “நீ ஜெபமாலை முழுசா சொல்லி முடிக்கிற தூரம்” என்று எழுதியிருந்தார்.

முதல் நாள் நோணாங்குப்பம் பாலத்தைத் தாண்டுவதற்குள்ளேயே கூட்டம் எங்களை விட்டுப் போய்விட்டது. தேரின் ஸ்பீக்கர் சத்தம் சன்னமாகிக்கொண்டே போய், கடைசியில் காதில் விழவில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பட்டை சொன்ன இடத்தில் குழாய் இருந்தது. குடை போட்ட இடத்தில் புளியமரம் நின்றது. கடலூர், சிதம்பரம் என்று மடிப்பு மடிப்பாகப் பிரித்துக்கொண்டு நடந்தோம். வேறு ஊர்க் கூட்டங்களிலிருந்து பின்தங்கியவர்களும், “அந்தத் தாளு இப்ப என்னங்க சொல்லுது?” என்று எங்களோடு சேர்ந்துகொள்வார்கள்.

தினமும் மாமாவின் பஸ் எங்களைத் தாண்டிப் போகும். தூரத்திலிருந்தே விசில் கேட்கும். வண்டி மெதுவாகும். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு பன் பாக்கெட்டை என் கையில் திணிப்பார்.

“யாருய்யா அது?” என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

“எம் பொண்டாட்டி!”

“அப்ப ஏத்திக்கவேண்டியதுதானே!”

“ஏற மாட்டாளே!”

பஸ் முழுக்கச் சிரிப்பு. அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்து நடப்பாள். ஆனால் அதற்குப் பிறகு கொஞ்ச தூரம் அவள் நடை வேகமாக இருக்கும்.

கொள்ளிடம் பாலம் தாண்டிய பிறகுதான் வினை வந்தது. இடது பக்கம் அடிபம்பு என்று போட்டிருந்தது, இல்லை. இடது பக்கம் நிழல், வெறும் வயல். தூர்த்திருப்பார்கள், வெட்டியிருப்பார்கள் என்று பேசிக்கொண்டே நடந்தோம். வெயில் ஏறியது. அப்புறம், “இடது பக்கம் சின்ன ரோடு. உள்ளே மாதா கோயில், கொட்டகை. மதியம் இங்கே படு” என்றிருந்தது. இடது பக்கம் ஒரு சின்ன ரோடு இருக்கவே உள்ளே திரும்பினோம். போகப் போகக் கருவேலங்காடுதான் வந்தது. இதோ வந்துவிடும், அதோ வந்துவிடும் என்று வெகுதூரம் போய்விட்டோம். கடைசியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, “மாதா கோயிலா? அது மெயின் ரோட்டுக்கு அந்தாண்ட இல்ல இருக்குது” என்றார்.

திரும்பி நடந்தோம். மெயின் ரோட்டுக்கு வந்தபோது அக்காவின் நல்ல கால் வீங்கியிருந்தது. மற்றக் காலின் வேலையையும் சேர்த்து அதுதானே செய்தது. மைல் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. எங்களைத் தேடி வந்த குட்டியானை எதிரிலேயே நின்றது. வண்டி ஓட்டுகிற பையன் பின்பக்கக் கதவைத் திறந்து, “ஏறுக்கா, சொல்தா ஏத்திக்கிட்டு வரச் சொன்னாரு” என்றான்.

அந்த நேரம் பார்த்து மாமாவின் பஸ், ஊருக்குத் திரும்புகிற டிரிப், ரோட்டின் அந்தப் பக்கம் வந்து நின்றது. மாமா தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். நான் பட்டையைக் காட்டிச் சொன்னேன். தாளைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், தன் பஸ் நின்றிருக்கும் திசையைப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போயிற்று. குறிப்பெல்லாம் திரும்பி வரும்போது எடுத்தது இல்லையா? வரும்போது இடது பக்கம் இருப்பது போகும்போது வலது பக்கம். சிதம்பரம் வரைக்கும் நிதானமாக மாற்றி வரைந்தவர், மிச்சத்தைக் கடைசியில் அவசரமாக, குறிப்பில் இருந்தபடியே இறக்கிவிட்டிருக்கிறார்.

“தப்பு என்னுதும்மா. வண்டில ஏறிடு. இவ்ளோ தூரம் வந்ததே போதும்” என்றார். குரல் உடைந்துவிட்டது. தினமும் ஊர் பூரா கேட்கிற குரல் அது.

அக்கா தண்ணீரைக் குடித்து முடித்தாள். என் கையிலிருந்த பட்டையை வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள். தாளையும் ரோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

“இப்படிப் புடிச்சா எல்லாம் சரியாத்தான் இருக்குது. வூட்டுக்கு வர்றப்ப வரைஞ்சிருக்கீங்க, அவ்ளோதான். இன்னும் பொழுது சாயல. டேய் தம்பி, எழுத்து தலைகீழாத் தெரியும், நீ படி. நான் நடக்குறேன்.” பிறகு மாமாவைப் பார்த்து, “உங்க டிரைவரு ஹாரன் அடிக்கிறாரு பாருங்க, போங்க” என்றாள்.

இன்றைக்கு நீங்கள் கைபேசியில் வழி பார்க்கிறீர்கள். நீங்கள் திரும்பினால் படமும் கூடவே திரும்புகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு, தலைகீழாய்ப் பிடித்த காலண்டர் தாளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே அக்காவுக்கு முன்னால் நடந்த அந்தச் சாயங்காலம்தான் ஞாபகம் வரும். வண்டிக்காரப் பையன் எங்கள் பின்னாலேயே ஊர்ந்து வந்தான். கடைசி வெளிச்சத்தில் தங்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சொல்தா எழுந்து நின்றார். தான் பாய் விரித்திருந்த நல்ல இடத்தை அக்காவுக்கு விட்டுவிட்டு, வெளியே போய்த் தேருக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

பட்டை நாகப்பட்டினத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முடிகிறது. திருவிழாக் காலத்தில் மாமாவின் பஸ் வேளாங்கண்ணி வரைக்கும் ஸ்பெஷலாக ஓடும், ஆனால் ஊருக்குள் விட மாட்டார்கள். ஊருக்கு வெளியே ஒரு திடலில் நிறுத்திவிடுவார்கள். அதுவரைக்கும்தான் மாமாவுக்குத் தெரியும். எத்தனையோ வருஷமாக ஆயிரக்கணக்கான ஜனங்களை அங்கே இறக்கிவிட்டவர், வண்டியை விட்டு இறங்கி ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. கடைசித் தாளில் ஒரு பஸ் படம் போட்டு, அதற்குக் கீழே, “இதுக்கு மேல எனக்குத் தெரியாது” என்று எழுதியிருக்கிறார்.

நாங்கள் அந்தத் திடலுக்கு வந்தபோது மாமா பஸ் ஓரமாக நின்றிருந்தார். ஸ்பெஷல் வண்டி, திரும்பிக் கிளம்பச் சாயங்காலம் ஆகும். “போய்யா, நான் பாத்துக்கறேன்” என்று டிரைவர் அவருடைய தோல் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். மாமா எங்களோடு கிளம்பினார்.

நாள் முழுக்க ஆடுகிற வண்டியில் கால் பரப்பி நின்றே பழகியவர். மணலில் அவருக்கு நடக்க வரவில்லை. செருப்பு கடித்தது. கழற்றிக் கையில் எடுத்தார், தரை சுட்டது. கூட்டம் எங்கள் இரண்டு பக்கமும் பாடிக்கொண்டே தாண்டிப் போனது. அக்கா ஒரு சீராகப் போய்க்கொண்டிருந்தாள். கோபுரம் தெரிந்ததும், “அதோ தெரியுது பாருங்க” என்று பக்கத்தில் கையை நீட்டினாள். பக்கத்தில் அவர் இல்லை. வெகு பின்னால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தார்.

என் அக்காவுக்காக ரோட்டில் நின்றவர்கள் நிறைய உண்டு. அவள் ஒருவருக்காக நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கையை ஊன்றி, கூட்டத்துக்கு நடுவே நின்றாள்.

“மெதுவா வாங்க,” என்று சத்தமாகச் சொன்னாள். “ஒண்ணும் அவசரமில்ல.”