படிக்கட்டுக்குக் கீழே பிறேமினியின் வைன்

செபமாலைமுத்து லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மன்னாரிலிருந்து வந்து, லூயிஷாமில் மனைவி டொலறஸோடு குடியிருந்தார். குடிக்கிற ஆள் இல்லை. கலியாண வீடுகளில் யாராவது வற்புறுத்தினால் கிளாசை வாங்கி மேசையில் வைத்துவிட்டு எழும்பிவிடுவார். அப்படிப்பட்டவரின் வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே, வக்கூம் கிளீனரும் குடைகளும் கிடந்த சின்ன அறையில், இரண்டு பெட்டி சிவப்பு வைன் வந்து சேர்ந்தது.

ஒரே மகள் பிறேமினி. இரசாயனம் படித்தவள். வைன் செய்யப் பழகப்போகிறேன் என்று கலிபோர்னியாவுக்குப் போனபோது டொலறஸ் இரண்டு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. லோடை என்கிற ஊரில் பழைய திராட்சைத் தோட்டம் ஒன்றில் அவளுக்கு வேலை. ஞாயிறுகளில் தகப்பனோடு போனில் கதைப்பாள்.

"அப்பா, இந்தக் கொடியள் கம்பியில படர விட்டதில்லை. ஒவ்வொண்டும் தனித்தனியா, கட்டை மரம் மாதிரி நிக்குது. நூறு வயசுக்கு மேல. காய்க்கிறது கொஞ்சம்தான். ஆனா பிழிஞ்சா மையைப் போல கறுப்பு."

ஒரு வருட அறுவடையில் ஒரு சிறு பங்கை மெஷினில் போடாமல் காலால் மிதித்திருக்கிறார்கள். மிதித்தவர்களில் பிறேமினியும் ஒருத்தி. "என்ர கால் ரெண்டும் நாவற்பழம் திண்ட நாக்கு மாதிரி இருக்கு" என்று சிரித்தாள்.

"எப்ப பிள்ளை அதைக் குடிக்கலாம்?"

"பத்து வருசம் வைக்கவேணும் அப்பா. இப்ப குடிச்சா வாயைக் கட்டிப் பிடிக்கும்."

அந்த மாரியில், பனிப்புகார் மூடிய தோட்டத்து வீதியில் அவளுடைய கார் ஒரு லொறியோடு மோதியது. உடலை லண்டனுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அவள் மிதித்த வைன் பீப்பாவில் கிடந்து, போத்தலுக்கு மாறி, அதற்கும் ஒரு வருடம் கழித்து வந்தது. தோட்டத்துச் சொந்தக்காரக் கிழவி அனுப்பியிருந்தாள். போத்தல்களைச் சரித்துப் படுக்க வைக்கவேண்டும், வெளிச்சமும் சூடும் படக்கூடாது என்று போனில் சொன்னாள்.

செபமாலைமுத்துவுக்குப் பத்து வருடம் காத்திருக்க முடியவில்லை. நவம்பரில், இறந்தவர்களுக்கான சகல ஆத்துமாக்கள் திருநாள் அன்று பூசைக்கும், சவக்காலையில் அவளின் கல்லறைக்கும் போய்வந்து, குசினி மேசையில் வைத்து ஒரு போத்தலைத் திறந்தார். ஒரு வாய் குடித்ததும் வாழைக்காய்த் தோலைக் கடித்ததுபோல நாக்கு துவர்த்து இழுத்தது. முழுங்கினார். டொலறஸ் எதிரே இருந்தாள், தொடவில்லை.

"அவளின்ர கால் பட்டது. என்னண்டு நான் குடிக்கிறது?"

அடுத்த வருடமும் அதே நாளில் ஒன்று. அதற்கடுத்த வருடமும். இடையில் கிறீனிச்சில் ஒரு வைன் கடையில் நடந்த ருசி பார்க்கும் வகுப்புக்கும் போய் இருந்தார். மற்றவர்கள் கிளாசைச் சுழற்றி மணந்து, வாயில் வைத்திருந்து, துப்பினார்கள். அவருக்குத் துப்ப மனம் வரவில்லை. ஆனால் கவனிக்கப் பழகினார். வருடத்துக்கு வருடம் துவர்ப்பு அடங்கி வந்தது. மிளகின் காரம் ஒரு முறை தெரிந்தது. பிறகு காய்ந்த பிளம்ஸ், பிறகு புதுச் சப்பாத்துப் பெட்டியைத் திறக்கும்போது வருகிற தோல் மணம். மைக்கறுப்பு மெல்ல மாறி, கிளாசின் விளிம்பில் செங்கல் நிறம் கண்டது. அதைக் கண்ட அன்று அவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டார். வைனுக்கு வயது போய்க்கொண்டிருந்தது. பிள்ளைக்குப் போகவில்லை.

அவள் சொன்ன பத்து வருடம் நெருங்கிய போன மாரியில்தான் அந்த மணம் தொடங்கியது. முதலில் டொலறஸ் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு ஏதும் மணக்குதே?"

காலையில் மாடியிலிருந்து இறங்கும்போது, வாசல் நடையில், பழுத்த பழமும் ஈர மரமும் கலந்த மாதிரி ஒரு மணம். கதவைத் திறந்து காற்று விட்டால் போய்விடும். அடுத்த நாள் திரும்ப இருக்கும். படிக்கட்டின் மூன்றாவது படி, யாரும் மிதிக்காமலே, வெளிச்சம் வருகிற நேரத்தில் ஒருமுறை முனகும். பழைய வீடு, மரம் சுருங்குது என்று அவர் சொன்னார். டொலறஸ் அதை ஏற்கவில்லை.

"பிள்ளை வந்திருக்கிறாள்" என்றாள். நிதானமாக, பால்காரன் வந்திருக்கிறான் என்பதுபோல.

அவள் மாறிப்போனாள். காலையில் இறங்கும்போது சுவரோரமாக ஒதுங்கி, எதிரே வருகிற ஆளுக்கு வழிவிடுகிற மாதிரி இறங்குவாள். தேத்தண்ணி ஊற்றும்போது வாசல் நடைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கதைப்பாள். அவர் அதைத் தடுக்கவில்லை. அவருக்கும் அந்த மணத்தில் நின்றால் கழுத்துக்குப் பின்னால் மயிர் கூச்செறிந்தது. பயம் என்று சொல்ல ஏலாது. போய்விடுமோ என்பதுதான் பயம்.

பெப்ரவரியில் ஹீற்றிங் சரியாக வேலை செய்யவில்லை என்று, கோயிலில் பழக்கமான கிளின்ரனைக் கூப்பிட்டார்கள். அவன் கொதிகலன் வேலை தெரிந்தவன். குழாயைப் பின்தொடர்ந்து படிக்கட்டு அறைக்குள் ரோர்ச்சோடு தலையை விட்டவன் அப்படியே நின்றான்.

"அண்ணை, உந்தக் குழாயை ஆர் இதுக்குள்ளால விட்டது?"

முந்தைய வருடம் புதுக் கொதிகலன் பூட்ட வந்தவர்கள் சுடுநீர்க் குழாயை அந்த அறையின் பின்சுவரால் கொண்டுபோயிருக்கிறார்கள். குழாயின்மேல் உறை எதுவும் இல்லை. அதன் அருகில் கிடந்த போத்தல்களின் கார்க்குகள் சூட்டில் தள்ளி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் ஓரத்தால் வைன் கசிந்து, பெட்டி மட்டையில் ஊறி, தரைப்பலகை வரை கறுத்துக் கிடந்தது.

"நீங்கள் சொன்ன மணம் இதுதான். குழாய் சூடாக மரமும் முனகும்" என்றான் கிளின்ரன்.

டொலறஸ் வாசல் நடையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "அப்ப அது அவள் இல்லையோ?"

கிளின்ரன் குழாயைப் பார்ப்பதுபோலக் குனிந்தான்.

கெட்டதை எறிந்துவிடலாம் என்று அவன் மெல்லச் சொன்னதும் டொலறஸ் குசினிக்குள் போய்க் கிளாசுகளை எடுத்து மேசையில் வைத்தாள். "ஒண்டும் எறியேலாது. திறவுங்கோ."

மத்தியானச் சாப்பாட்டு நேரம். செபமாலைமுத்து ஒவ்வொன்றாகத் திறந்தார். முதலாவது, அடுப்பில் விட்டுக் காய்ச்சிய பழப்பாகு போல இருந்தது. இரண்டாவதும் மற்றவையும் அப்படியே, பழத்தின் உயிர் போய் இனிப்பும் புளிப்பும் மட்டும். சிங்கில் ஊற்ற அவரால் முடியவில்லை. பின்வளவுக்குக் கொண்டுபோய் ரோசாச் செடியடியில் ஊற்றினார். கிளின்ரன் கூடப் போய்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

வெளிச்சுவர்ப் பக்கமாக, குழாய்க்குத் தூரத்தில் கிடந்த ஒன்று மட்டும் கார்க் அசையாமல் இருந்தது. அதை ஊற்றியபோது கிளாசில் நிறம் தெளிவாக நின்றது. மணந்தார். வாயில் வைத்தார். துவர்ப்பு முழுதாக அடங்கியிருந்தது. பழம் முதலில் வந்தது. விழுங்கிய பிறகும் நெடுநேரம் போகாமல் இருந்தது. அவள் சொன்ன காலத்துக்கு அது வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. கிளாசை டொலறஸ் பக்கம் நகர்த்தினார்.

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். ஒரு மிடறு எடுத்து, கண்ணை மூடி, மெல்ல விழுங்கினாள்.

"கால் கழுவிப்போட்டுத்தான் மிதிச்சவளோ தெரியாது" என்றாள்.

செபமாலைமுத்து சிரித்தார். சிரிப்பு நிற்காமல் அழுகையாகிப் போனது. டொலறஸ் எழும்பி அவருடைய தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். மிச்சத்தை மூன்று பேருமாகக் குடித்து முடித்தார்கள்.

கிளின்ரன் அடுத்த நாளே வந்து குழாயை வேறு வழியால் மாற்றினான். ஊறிய பலகைகளைக் கழற்றிப் புதுசு போட்டான். டொலறஸ் அறையை டெற்றோல் போட்டுக் கழுவினாள். குடைகளும் வக்கூம் கிளீனரும் திரும்ப உள்ளே போயின.

உயிர்த்த ஞாயிறு அன்று இருவரும் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தார்கள். அவர் திறப்பைப் போட்டுக் கதவைத் தள்ளினார். இருவரும் கால்மிதியில் அப்படியே நின்றார்கள். பழுத்த பழம், ஈர மரம்.

டொலறஸ் அவரைப் பார்க்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சுவரோரமாக ஒதுங்கி நடந்து, குசினிக்குள் கேத்திலைப் போடப் போனாள். செபமாலைமுத்து ஓசைப்படாமல் கதவைச் சாத்தினார்.