தளபதி முகத்தில் ஊதாத் துணி

என் தம்பி ஓட்டோரினோவின் கழுத்தில் ஒரு கோடு இருக்கிறது. நான் சொல்வதை நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம்.

வெரோனாவுக்குக் கீழே, அடிஜே ஆற்றங்கரையில் உள்ள பழைய தேவாலயத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஈஸ்டருக்குப் பதினைந்து நாள் இருந்தது. வழக்கப்படி புனிதர்களின் சுரூபங்களை, அதாவது சிலைகளை எல்லாம் ஊதாத் துணியால் மூட வேண்டிய நாள். படகு ஓட்டும் தம்பி, ஏணியில் ஏறிக் கட்டினான். எங்கள் குடும்பத்துப் படகு முடிச்சு. மூன்று சுற்று, நுனி உள்ளே. அப்பாவுக்கு அவர் அப்பா சொல்லிக்கொடுத்தது. வெளியாள் யாருக்கும் வராது.

ஒரு துணி மிஞ்சியது. சுவரில், உயரத்தில், தன் கல்லறைக்கு மேல் மரக்குதிரையில் மரச்சிலையாக உட்கார்ந்திருந்தார் தளபதி கால்வானோ. அறுநூறு வருடமாக அப்படித்தான்.

"இவரையும் மூடிடுடா."

"இவரு எப்பக்கா புனிதர் ஆனாரு? ஊரு ஊரா எரிச்ச ஆளு!"

"தூசி படாம இருக்கட்டும். ஏறு."

"மன்னிச்சுக்குங்க தளபதி. அக்கா உத்தரவு."

சிரித்தபடி தலையோடு போர்த்தி, பின்கழுத்தில் முடிந்தான்.

மணி 3.52. வாய் இருக்கும் இடத்தில் துணி உள்ளே குழிந்தது.

பிறகு உப்பியது.

கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன.

டொக்... கல்லில் மரக்குளம்பு.

"அக்கா... மூச்சு..."

தம்பி குதிரையின் கழுத்தில் சாய்ந்துவிட்டான். துணி அவன் மேல் படவே இல்லை. ஆனால் அது குழியும்போதெல்லாம் அவன் வாய் திறந்தது. காற்று போகவில்லை.

"அவுத்துடுடா!"

"வரல..."

அவன் போட்ட முடிச்சு.

ஏறினேன். நகம் பிய்ந்தது. பல்லால் இழுத்தேன். அவன் உதடு நீலமாகியது.

இடுப்பில் மெழுகு சுரண்டும் கத்தி.

அறுத்தேன்.

தம்பி மூச்சை இழுத்தான்.

அவனுக்கு முன்பே இன்னொருவர் இழுத்துவிட்டார்... என் காதருகில்.

3.57. துணியே படாத தம்பியின் கழுத்தைச் சுற்றி ஒரு கோடு.

அதற்குப் பிறகு, போன அக்டோபரில் சிலையைப் பழுதுபார்க்க வந்தார்கள். மரத்தலைக்குள் ஒரு மண்டையோடு இருந்தது. அதை இறுக்கிச் சுற்றியிருந்தது ஒரு துணி. வந்த பெண் எனக்குப் படம் காட்டினாள்.

"போர்ல சாகலம்மா இவரு. மூச்சை அடைச்சுக் கொன்னிருக்காங்க. பின்னாடி பாருங்க, இந்த மாதிரி முடிச்சை நான் எங்கயும் பார்த்ததில்ல."

நான் பார்த்திருக்கிறேன்.

மூன்று சுற்று. நுனி உள்ளே.