எழுபத்து மூன்று வரிசை

பேச்சியும் அவள் புருஷன் சின்னாண்டியும் வேலையிழந்ததற்கு அந்தக் கணக்கு வாத்தியார்தான் காரணம். பெயர் சொல்லவில்லை, அவருக்கே தெரியும்.

பேய், பிசாசு என்று பேசுகிறவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஜெர்மன் சண்டைக்கு முந்தின கோடையில் நான் காளவாசலில் ஒரு செங்கல் சூளைக்கு மேஸ்திரி. பச்சைக்கல்லை வரிசைக்கு நூறாக நூறு வரிசை காய வைப்போம், வேகும்போது கல் வெடிக்காமலிருக்க இன்னும் ஒரு கல்லில் மஞ்சள் பூசித் தனியாக வைப்போம், ஆக பத்தாயிரத்து ஒன்று. ஒரு நாள் காலை பேச்சியும் சின்னாண்டியும் அடுக்கி முடிக்க, நானே எண்ணிப் பார்த்தேன்.

மத்தியானம் மூவரும் மரத்தடியில் கஞ்சி குடித்துவிட்டுத் திரும்பினால், நம்பினால் நம்புங்கள், களமே மாறிக் கிடந்தது.

"அண்ணே, மஞ்சக் கல்லக் காணோம்."

"நல்லாப் பாரு புள்ள."

"எம்புட்டுத்தான் பாக்க? நீங்களே வந்து பாருங்க."

எண்ணினோம். வரிசைக்கு நூற்று முப்பத்தேழு, எழுபத்து மூன்று வரிசை, மிச்சம் ஒரு கல்கூட இல்லை. தனிக்கல்லும் வரிசைக்குள் போயிருக்க வேண்டும், ஆனால் எந்தக் கல்லிலும் மஞ்சள் இல்லை. இன்றைக்கும் அது எனக்குப் பிடிபடவில்லை.

"இத மாத்த எம்புட்டுப் பேரு வேணும்? அம்புட்டுப் பேரு வந்திருந்தா நம்ம கஞ்சியும்ல காலியாயிருக்கும்" என்று சின்னாண்டி சிரித்தான்.

பயத்தில் நாங்களே பழையபடி நூறு நூறாக மாற்றிவிட்டோம், அதுதான் நாங்கள் செய்த முட்டாள்தனம். மாற்ற இரண்டு நாள் பிடித்தது. வேலை ஏன் நின்றது என்று முதலாளி கேட்க, நடந்ததை அந்த இரண்டு எண்ணோடும் சொன்னோம். அவர் வாத்தியாரைக் கூப்பிட்டார். வாத்தியார் நாங்கள் சொன்ன எண்களைத் தொடவே இல்லை, பலகையில் பத்தாயிரத்து ஒன்றை மூன்றால், ஏழால், பதினொன்றால், பதின்மூன்றால் வகுத்துப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினார்.

"இது எதாலயும் வகுபடாத எண், முதலாளி. சம வரிசையா நிக்கவே நிக்காது. மூணு பேரும் புளுகுறாங்க."

அன்றே அந்த இரண்டு பேரும் சட்டிபானையோடு உசிலம்பட்டிக்கு நடந்தார்கள். என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள், நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

எங்கள் மூவருக்கும் எண்ணத் தெரியும், பெருக்கத் தெரியாது. பிறகு ஜவுளிக்கடை பாய் ஒருவரிடம் அந்த இரண்டு எண்ணையும் சொன்னேன். பெருக்கினார், சரியாகப் பத்தாயிரத்து ஒன்று. விடாமல் நாலு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்.

"மேஸ்திரி, வேற எப்படிப் பிரிச்சாலும் மிச்சம் விழுதுய்யா. சம வரிசைக்கு இது ஒண்ணுதான் வழி. யாரு சொன்னா உமக்கு?"

அவர் கணக்குப் போட்ட காகிதத்தை வாங்கி வாத்தியாரிடம் கொண்டுபோனேன். பார்த்தார், மடித்துப் பைக்குள் வைத்தார், "சரி, போ" என்றார்.

வாத்தியாரே, போக மாட்டேன். ஊரார் முன்னால் கரும்பலகையில் பத்தாயிரத்து ஒன்றை எழுபத்து மூன்றால் வகுத்துக் காட்டுங்கள். நாங்கள் புளுகினோம் என்றால், நீங்களே கண்டுபிடிக்காத அந்த இரண்டு எண்ணும் பெருக்கத் தெரியாத எங்கள் வாயில் எப்படி வந்தன என்று அங்கேயே பதில் சொல்லுங்கள்.