இரண்டு நாள் என்னிடம் இருந்த தந்தி

யுத்த காலம். தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம், ஸ்ரீவில்லிபுத்தூரில் மம்சாபுரம் பஸ்ஸுக்காக நின்றபோது அவரைச் சந்தித்தேன். அறுபது வயதிருக்கும், நெடிய, ஒடிசலான உடம்பு. பேசுவதற்கு முன் தோள்துண்டை எடுத்து ஒருமுறை உதறிப் போட்டுக்கொள்வார். கையில் புதுத்துணிப் பொட்டலம் இருந்தது.

தபாலாபீசில் கொடுத்த தந்தியை என்னிடம் நீட்டினார்.

"இங்கிலீசு தெரியாதுய்யா. மகன் பர்மாச் சண்டையில இருக்கான். என்ன எழுதியிருக்கு?"

படித்தேன். மகன் சண்டையில் இறந்துவிட்டான் என்றிருந்தது. என் முகத்தைப் பார்த்தே அவர் தெரிந்துகொண்டார்.

பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு தோள்துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார்.

"மருமக பூவும் பொட்டுமா கும்பிடுத கடைசித் தீபாவளி. நல்லாக் கும்பிடட்டும். நாளன்னைக்கு நீங்களே வீட்டுக்கு வந்து படிச்சுச் சொல்லுங்கய்யா. அதுவரைக்கும் இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

"நாளைக்கு நீங்க எப்படித் தாங்குவீங்க?"

"பேரனுக்கு மத்தாப்புக் கொளுத்திக் காட்டணும்லா."

தீபாவளிக்கு மறுநாள் போனேன். மருமகள் புதுச்சேலையும் வாடிய பூவுமாக வந்து தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்துவிட்டு, தந்தியைப் படித்துச் சொன்னேன். அவள் அசையாமல் நின்றாள். அவர்தான், "ஏலே, நான் பெத்த ராசா!" என்று தரையில் விழுந்து கதறினார்.

இரண்டு நாள் அடக்கி வைத்திருந்த அழுகையா, இல்லை, என் வாயால் கேட்ட பிறகுதான் அவர் நம்பினாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.