கடைசி உதைக்குக் கார் ஷெட்டில் நிற்பவர்

காசிமிர் வோய்டோவிச் என்று கேட்டால் பஃபலோ நகரத்தை ஒட்டிய சீக்டவாகாவில் பாதிப் பேர் முழிப்பார்கள். ‘ரேடியோ காஸ்’ என்று கேட்டுப் பாருங்கள், வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். ஆயுசெல்லாம் நகராட்சியின் பனி தள்ளும் வண்டியை ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன். ஞாயிற்றுக்கிழமை பஃபலோ டீம் அமெரிக்கக் கால்பந்து ஆடும். திங்கட்கிழமை காலை ரேடியோவில் நேயர்களைப் பேச விடுவார்கள். காப்பி இறங்குவதற்குள் லைனைப் பிடித்து, கோச்சின் தோலை உரித்துத் தொங்கப் போட்டுவிட்டுத்தான் காஸ் பல் தேய்ப்பார்.

கருத்துக்கா பஞ்சம்? ஒரு கஜம் போக வேண்டிய இடத்தில் எவனாவது பந்தை எறிவானா, தலையைக் குனிந்து முட்டித் தள்ள வேண்டாமா? ஏரிக்காற்று அடிக்கிற நாளில் உயரத் தூக்கி எறிகிறவனுக்குப் புத்தி இருக்கிறதா? கூரை போட்ட மைதானத்தில் ஆடுகிறவனெல்லாம் ஆட்டக்காரனா? புதிதாக வந்திருக்கும் உதைகாரப் பையன் புளோரிடாவில் ஆரஞ்சுப் பழம் தின்று வளர்ந்தவன், ஜனவரிக் குளிரில் அவன் கால் கட்டையாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: துணிய வேண்டிய நேரத்தில் பந்தை எதிராளிக்கு உதைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிற கோச், கோழை. “ஆமா இல்லன்னு சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? இதுல யோசிக்க என்னய்யா இருக்கு?” என்று ரேடியோவில் அவர் கத்தினால் ஊரே சிரிக்கும், தலையும் ஆட்டும்.

இந்தச் சிங்கத்தால் ஒரு உதையைக் கண்கொண்டு பார்க்க முடியாது. அது வெளியே தெரியாத சங்கதி.

தொண்ணூற்றொன்று ஜனவரியில், பெரிய இறுதியாட்டத்தின் கடைசி நொடிகளில், பக்கத்து வீட்டு நார்பர்ட்டின் நிலவறையில் தெருவே கூடியிருந்தது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துவிட்டால் கோப்பை நமக்கு. காஸ் எழுந்து கிளாஸைத் தூக்கி, “உள்ளதான் போவுது, எழுதி வச்சுக்கோங்க” என்றார். பந்து வலப்பக்கமாக வெளியே போனது. உன்னால்தான் என்று யாரும் சொல்லவில்லை. உன்னால் இல்லை என்றும் ஒருத்தரும் சொல்லவில்லை. அதுதான் மனுஷனை அரித்தது.

அன்றிலிருந்து, ஆட்டத்தைத் தீர்மானிக்கிற உதை என்றால் காஸ் வீட்டுக்குள் இருக்க மாட்டார். சமையலறையிலிருந்து கார் ஷெட்டுக்கு ஒரு கதவு உண்டு. அதைத் திறந்து போய், பனி வாரும் மெஷினுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். பந்து உள்ளே போனால் அவர் மனைவி ரெஜினா கதவைத் தடதடவென்று தட்டுவாள். போகாவிட்டால் தட்ட மாட்டாள், கூப்பிடவும் மாட்டாள். தோற்ற நேரத்தில் யாராவது ஆறுதல் சொன்னால் கடித்துக் குதறுகிற ஆள் அவர். தானாக ஆறி உள்ளே வரட்டும் என்று விட்டுவிடுவாள். அது அவர்கள் வீட்டுச் சட்டம்.

“கோச்சைக் கோழைங்கிற, நீ போயி ஷெட்டுல ஒளியிற. உன்னை எந்த ரேடியோவுலய்யா சொல்றது?” என்று அவள் வருஷாவருஷம் கேட்பாள். அவர் காது கேட்காத மாதிரி ஷெட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்.

அந்த ஞாயிறு நடந்தது, தோற்றால் வருஷமே முடிந்துபோகிற ஆட்டம். காலையில் ரெஜினா பியரோகி என்கிற போலந்துக் கொழுக்கட்டைக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தபோது உருளைக் கட்டை கையிலிருந்து நழுவி விழுந்தது. வலது கை மரத்துப்போச்சு என்றாள். அதைக் கேட்ட காஸ் என்ன செய்ய வேண்டும்? காரை எடுக்க வேண்டும். இவரோ, ராத்திரி கையை மடக்கிப் படுத்திருப்பாய் என்றார். ஆட்ட நாளில் ஆஸ்பத்திரி பூராவும் குடிகாரர்கள்தான் கிடப்பார்கள், ஆட்டம் முடியட்டும், போவோம் என்றார். பத்து நிமிஷத்தில் கை சரியாகிவிட்டது. அவளும் சிரித்துக்கொண்டே மறுபடி மாவு தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். பந்துக்குப் பயந்து ஓடி ஒளிகிறவர், பயப்பட வேண்டியதைக் கண்முன்னே கண்டும் விட்டுவிட்டார். எனக்கு இன்றைக்கும் அதுதான் ஆறவில்லை.

நாலு மணி வாக்கில் ஏரியிலிருந்து காற்று ஊளையிட்டது. நாம் இரண்டு புள்ளி பின்னால். உள்ளே உதைத்தால் மூன்று கிடைக்கும், ஒரு புள்ளியில் ஜெயம். ஆரஞ்சுப் பழப் பையன் களத்துக்கு வந்தான். அவனை நிற்க வைத்து நடுங்கவிட எதிர் கோச் டைம் அவுட் கேட்டான். காஸ் எழுந்தார். சோபாவில் கால் நீட்டியிருந்த ரெஜினா அவரைப் பார்த்துக் கண்ணடித்து, “போ, போயி ஒளிஞ்சுக்கோ” என்றாள். வாய் நன்றாகத்தான் இருந்தது, பேச்சு நன்றாகத்தான் இருந்தது.

ஷெட்டில் நின்றார். காற்று தகரக் கதவைப் போட்டு அடித்ததில் வெளியே ஒரு சத்தமும் கேட்கவில்லை. உதைத்திருப்பான், இந்நேரம் உதைத்திருப்பான். தட்டு ரெஜி, தட்டு. ஒன்றும் இல்லை. இன்னொரு டைம் அவுட்டாக இருக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். அப்புறமும் தட்டவில்லை. சரி, போச்சு. இந்த வருஷமும் போச்சு.

கவிழ்த்துப் போட்டிருந்த வாளியில் உட்கார்ந்தார். உள்ளே போனால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், டிவியில் அந்தப் பந்தைத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். திங்கட்கிழமை ரேடியோவில் என்ன பேசுவது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். கோழை என்று நாலு முறை சொல்லிப் பார்த்தார். அப்படியே அரை மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது.

பக்கவாட்டுக் கதவு திறந்தது. நார்பர்ட். தொப்பி இல்லை, தலையெல்லாம் பனி, கையில் ஒரு ஊதுகுழல். வந்த வேகத்தில் காஸைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான்.

“ஜெயிச்சுட்டோம்டா காஸ். அந்தப் பய நடுவுல சொருகிட்டான்டா. ஊரே தெருவுல கெடக்கு, நீ இங்க வாளியில ஒக்காந்து என்னடா பண்ற?”

காஸின் வாய் சிரிக்கத் திறந்தது. திறந்தபடியே நின்றது.

“அவ தட்டலியேடா” என்றார்.

சமையலறைக் கதவு பாதிதான் திறந்தது. உள்பக்கம் தரையில் ரெஜினா கிடந்தாள். உதைக்கு முன்னால் எழுந்து கதவுக்குப் பக்கத்தில் வந்து தயாராக நின்றிருக்கிறாள், அங்கேயே சாய்ந்துவிட்டாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை உடம்புக்கடியில் மாட்டிக்கிடந்தது. கண் மட்டும் திறந்து அவரையே பார்த்தது. ஒரு கதவு, ஒரே ஒரு மரக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்து ரேடியோவுக்குப் பேச்சுத் தயாரித்துக்கொண்டிருந்தார். டிவியில் ஜனங்கள் கூத்தாடிக்கொண்டிருந்தார்கள்.

நார்பர்ட்தான் போன் போட்டான். ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் போக வழி இல்லை. தெரு நெடுகக் கார்கள், ஹாரன், கொடி. எவனோ ஒருத்தன், இந்த ஊர் ரசிகர்களின் வழக்கப்படி, மடக்கு மேஜை மேல் குதித்து அதை இரண்டாக உடைத்தான். உள்ளே யார் கிடக்கிறார்கள் என்று தெரியாமல் ஆம்புலன்ஸின் பக்கவாட்டை டமடமவென்று தட்டி ஆரவாரம் செய்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் காஸின் உடம்பு தூக்கிப் போட்டது. விடுங்கடா, வழி விடுங்கடா என்று உள்ளுக்குள் கெஞ்சினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்கள் என்பதுதான். காஸுக்கு மணி தெரியவில்லை. கடைசி உதைக்கு முன்னால் டைம் அவுட் கேட்டபோது நல்லா இருந்தா என்றார். டாக்டரம்மா விழித்தாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் ஆட்டம் பார்த்தவள், அவளுக்கு அது போதும், மணியைச் சொல்லிவிட்டாள்.

“நீங்க கூட இல்லையா?” என்றாள் டாக்டரம்மா.

“கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தேன்.”

“இவ்வளவு நேரமா என்ன பண்ணீங்க?”

“பயந்துக்கிட்டு இருந்தேம்மா.”

அவள் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். மூளையின் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டி அடைத்திருக்கிறது, கரைக்க மருந்து உண்டு, நேரம் இன்னும் இருக்கிறது என்றாள். ஆனால் நூறில் ஐந்தாறு பேருக்கு அந்த மருந்தே மூளையில் ரத்தக் கசிவை உண்டாக்கிவிடும், உயிருக்கே ஆபத்து. கொடுக்காவிட்டால் கையும் பேச்சும் திரும்புவது கஷ்டம். கொடுக்கலாம் என்பதுதான் தன் யோசனை, ஆனால் அவர் சம்மதம் வேண்டும். “ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம் சார். சொல்லுங்க.”

ஆமா இல்லை என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது என்று ஊருக்கே சொன்ன வாய் ஒட்டிக்கொண்டது. கொடுத்து அவள் போய்விட்டால்? கொடுக்காமல் அவள் இப்படியே கிடந்துவிட்டால்? நார்பர்ட்டைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். ரெஜினாவைப் பார்த்தார். அவள் கண் அவர் மேலேயே இருந்தது, அதில் ஒரு பதிலும் இல்லை.

“குடுங்க” என்றார். யாரோ பேசியது மாதிரி இருந்தது.

வெளியே இருக்கச் சொன்னாள் நர்ஸ்.

“போவ மாட்டேன். கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினாலும் போவ மாட்டேன். ஓரமா நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன்.”

விட்டார்கள். மருந்து இறங்கியது. காஸ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடினால் ஏதாவது ஆகிவிடும் என்கிற பயம், திறந்து வைத்திருந்தால் அதைப் பார்க்க நேருமே என்கிற பயம். திறந்தே வைத்திருந்தார். மெஷின் கொஞ்சம் வேறு மாதிரி சத்தம் போட்டால் உயிர் போய் உயிர் வந்தது. எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. வலது கையின் சுண்டுவிரல் அசைந்தது. அப்புறம் நாலு விரலும் போர்வையைப் பிடித்தன. டாக்டரம்மா குனிந்து பார்த்து, நல்லது, ஆனா விடியற வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது என்றாள்.

ரெஜினாவின் வாய் கோணிக்கொண்டு திறந்தது. நாக்கு புரளவில்லை. காஸ் காதைக் கொண்டுபோய் வைத்தார்.

“செயிச்… சோமா?”

அந்த வார்த்தையை வாயில் எடுக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. “ஜெயிச்சோம் ரெஜி.”

அவள் கண் ஓரத்தில் நீர் கோத்தது. பெரிய தப்புச் செய்துவிட்டவள் மாதிரி அவரைப் பார்த்தாள்.

“நா… தட்டல” என்றாள்.