விண்ணப்பத்தில் பிறந்த ஊர்

வேலைக்கு விண்ணப்பம் எழுதுவதில் என்னைவிடக் கெட்டிக்காரன் அந்த வருடம் மலாக்காவின் காஜா பேராங்கில் ஒருவனும் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. வேலை கிடைத்தவன் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்வான். கிடைக்காதவன்தான் எழுதி எழுதிக் கைதேர்ந்து போவான்.

மலாயாவுக்கு மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த வருடம் அது. நான் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். என் தம்பியும் அதே பரீட்சையை எழுதி, என்னைவிடக் குறைந்த தரத்தில் தேறியிருந்தான். அப்பா சடக்கு, அதாவது ரோடு, போடும் ஆட்களுக்கு மண்டோர். நாள் முழுக்கத் தார்ப் புகையில் நின்று ஆட்களைக் கத்தி வேலை வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்தும் அதே குரலில்தான் பேசுவார். நாங்கள் குடியிருந்த வீடு அவர் வேலையோடு சேர்ந்த வீடு. அடுத்த வருடம் அவருக்கு வேலை முடிகிறது. வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவோடு ஊருக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தார்.

ஒரு நாள் காலை பசியாறும்போது எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்.

"வேலை கெடச்சவன் இங்க இருந்து பொழச்சிக்கலாம். கெடைக்காதவன் எங்களோட கப்பல் ஏற வேண்டியதுதான். ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் ‘ஊர்’ என்று சொல்லும் இடத்தை நான் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தாலும் நினைவு இருக்க வழியில்லை. ஆனால் நான் பிறந்தது அங்கேதான்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பது எங்கள் சனங்களின் வழக்கம். தாய்வீடு பக்கத்துத் தெருவில் இருந்தாலும் சரி, கடல் தாண்டி இருந்தாலும் சரி, வழக்கம் வழக்கம்தான். அம்மாவுக்கு வளையல் போட்டு, கப்பலேற்றி, நாகப்பட்டினத்துப் பக்கம் இருந்த அவள் கிராமத்துக்கு அனுப்பி வைத்தார்கள். வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே போய் என்னைப் பெற்றாள். உடம்பு தேறியதும் மடியில் போட்டுக்கொண்டு மலாக்காவுக்குத் திரும்பி வந்தாள். இரண்டாவது பிரசவத்துக்கு வழக்கம் ஒன்றும் கட்டளை போடுவதில்லை. அதனால் தம்பி காஜா பேராங்கில், எங்கள் வீட்டு முன்னறையிலேயே, ஒரு மலாய்க்கார மருத்துவச்சியின் கையில் பிறந்தான். அப்போது இதில் எந்த வித்தியாசமும் யாருக்கும் தெரியவில்லை.

பள்ளியில் கடைசி வருடம் வாத்தியார் ஒருவர் வேலை விண்ணப்பத்துக்கு ஒரு மாதிரியைப் பலகையில் எழுதிப் போட்டிருந்தார். வகுப்பே அதைப் பார்த்து எழுதிக்கொண்டது. ஆகவே மலாக்காவில் அந்த வருடம் வேலை தேடிய பையன்கள் அத்தனை பேரும் ஒரே ஆள்தான்: கடும் உழைப்பாளி, நேரம் தவறாதவன், நல்லொழுக்கம் உள்ளவன். கடைசியில் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்’ என்று முடிக்க வேண்டும். ஊழியனாக்கத்தானே மன்றாடுகிறோம், அதற்குள் என்ன ஊழியன் என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதில் வரவில்லை.

பதில் வராத கோபத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. உழைப்பாளி, ஒழுக்கமானவன் எல்லாவற்றையும் அடித்தேன். பதிலாக, நான் செய்த வேலைகளை எழுதினேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் எழுதத் தெரியாது. அவர் ஆட்களின் வருகைப் பதிவைப் பல வருடங்களாக நான்தான் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்து வந்தேன். எங்கள் வரிசையில் இருந்த வீடுகளுக்கு வரும் சர்க்காரின் சூராட்டுக் கடிதங்களைப் படித்துத் தமிழில் சொல்வேன். மலாய்க்கார அண்டை வீட்டாருக்கு மலாயிலேயே பதில் எழுதிக் கொடுப்பேன். பள்ளி நூலகத்தில் தொலைந்த புத்தகங்களைத் தேடி மீட்டவன் நான். கால்பந்து மட்டும் எழுதவில்லை, ஏனென்றால் நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கியதோடு சரி. எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கியது. அதை வாசித்தால் எதிரே ஒரு மனிதன் நிற்பது தெரியும். நல்ல விண்ணப்பம் அது, இன்றைக்கும் சொல்வேன்.

கோர்ட்டுக்கு எதிரே கடைவாசல் நடைபாதையில் டைப் மிஷின் வைத்துக்கொண்டு ஒரு பாய் உட்கார்ந்திருப்பார். ஊரார் மனுக்களையெல்லாம் அவர்தான் அடித்துக் கொடுப்பார். என் விண்ணப்பத்தை அடித்து அடித்து அவருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. நான் எழுதிக் கொண்டுபோன தாளைப் பார்க்காமலே விரல்கள் ஓடும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் நிற்கும்.

"தம்பி, பொறந்த ஊர மலாக்கான்னு அடிச்சிரவா? யாரு வந்து பாக்கப் போறா?"

"சர்டிபிகேட்ட கூட வச்சு அனுப்பணும் பாய். அதுல இருக்குமே."

"அதுவும் சரிதான்லா," என்று அந்தக் கிராமத்தின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவார்.

அந்த நாட்களில் சர்க்கார் வேலை விளம்பரங்களின் அடியில், குடிமக்களுக்கு முன்னுரிமை என்று ஒரு வரி வர ஆரம்பித்திருந்தது. புது நாடு, தன் பிள்ளைகளை முதலில் பார்க்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நானும் அதன் பிள்ளைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மெர்டேக்கா அன்று பண்டா ஹிலிர் திடலுக்குத் தம்பியும் நானும் ஒரே சைக்கிளில் போய், தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு வந்தவர்கள்தான்.

அந்தக் குடியுரிமைக் காகிதத்துக்கும் மனுப் போட்டேன். தம்பிக்குச் சுலபமாக முடிந்தது. என்னிடம், நீ இந்த நாட்டுக்குள் எப்போது வந்தாய், அதற்கு ஆதாரம் கொண்டுவா என்றார்கள். மடியில் கிடந்த குழந்தைக்கு யார் தனிச் சீட்டு வாங்கினார்கள்? அம்மாவின் சீட்டும் ஜப்பான்காரன் காலத்தில் வீட்டுச் சாமான்களோடு போய்விட்டது. விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். விசாரித்துக்கொண்டே இருந்தார்கள்.

சர்க்கார் இல்லையென்றால் கடை என்று டவுனில் இருந்த துணிக்கடைகளிலும் மளிகைக்கடைகளிலும் ஏறி இறங்கினேன். முதலாளிகள் தங்கள் ஊர்ப் பையன்களைத்தான் வேலைக்கு வைத்திருந்தார்கள். அங்கே நான் கடல் தாண்டிப் பிறந்தது போதாது, அவர்கள் பிறந்த ஊரிலேயே பிறந்திருக்க வேண்டும். கிளேபாங்கில் ஒரு கடைக்காரர் என் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுப் படிச்சிட்டு எங்கிட்ட எதுக்குய்யா வர்ற?" என்றார். அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அப்போதுதான் ஒரு சர்க்கார் ஆபீசில் கிராணி வேலைக்கு, அதாவது குமாஸ்தா வேலைக்கு, விளம்பரம் வந்தது. தம்பி என் பின்னால் வந்து நின்றான்.

"அண்ணே, எனக்கும் ஒண்ணு எழுதிக் கொடேன். நீ எழுதுனா நல்லா இருக்கும்."

எழுதிக் கொடுத்தேன். நான் செய்த வேலைகளில் அவனும் கொஞ்சம் கைகொடுத்திருந்தான், அதையெல்லாம் தேடிப் பொறுக்கிச் சேர்த்தேன். இரண்டு விண்ணப்பங்களையும் பாய் ஒரே மூச்சில் அடித்தார். ஒன்றில் அந்த இடத்தில் நின்றார், மற்றதில் நிற்காமல் போனார். இரண்டையும் சேர்த்தே தபாலில் போட்டோம்.

தம்பியை நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. எனக்கும் வரும் என்று தபால்காரனின் மணிச் சத்தத்துக்கெல்லாம் வாசலுக்கு ஓடினேன். தம்பி போய்ப் பேசிவிட்டு வந்து, வேலையும் கிடைத்து, காலுக்குச் சப்பாத்து வாங்கிய பிறகும் ஓடிக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். அவன் அந்தப் புதுச் சப்பாத்தைப் போட்டு நடந்து பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அவனுக்கும் அது தெரிந்தது. மறுநாளிலிருந்து வாசலுக்கு வெளியே போய்த்தான் சப்பாத்துப் போட்டுக்கொண்டான்.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. விண்ணப்பம் எழுதி முடித்ததும் அடுப்படிப் பக்கம் உட்கார்ந்து சத்தமாக ஒரு தடவை வாசித்துப் பார்ப்பேன். வரி இடறுகிற இடம் காதுக்குத் தெரிந்துவிடும். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த ஓட்டத்தின் நடுவில் அவள் கிராமத்தின் பெயர் மட்டும் புரியும். அதைக் கேட்டதும் வெங்காயம் உரிக்கிற கை நின்றுவிடும். இதைக் கவனித்த பிறகு நான் அந்தப் பெயரை விழுங்கிவிட்டு வாசித்தேன். அப்போதும் அவள் கை நின்றது.

"ஏன்யா, எங்க ஊரு பேரு வரலியே?" என்றாள்.

நான் அடுத்த வரியை வாசிக்கப் போனேன்.

"அதுனாலதான் ஒனக்கு வேலை கெடைக்கலன்னு சின்னவன் சொன்னான். நெசமா?"

"அவன் கெடக்கான். அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

வெங்காயத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு வரி சேத்து எழுதுப்பா. பெத்தவதான் வழக்கம்னு கப்பலேறிப் போயிட்டா, புள்ள மேல தப்பு இல்லன்னு எழுது. அவங்களும் தாய்க்குப் பொறந்தவங்கதானே, படிச்சா புரிஞ்சுக்குவாங்க. எம் பேரப் போட்டே எழுது."

எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை. தாளைக் கசக்கி அடுப்பில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் வேறொரு வெள்ளைத் தாளை எடுத்து, சுருக்கம் இல்லாமல் நீவி, மேசைமேல் வைத்திருந்தாள். அதிலும் எழுதினேன். வழக்கமானதைத்தான் எழுதினேன், அவள் சொன்னதை எழுத அதில் இடம் கிடையாது. அதற்கும் பதில் இல்லை.

அப்பாவின் வேலை முடிந்தது. தம்பி புக்கிட் காதிலில் கூட்டாளியோடு அறை எடுத்துக்கொண்டான். "நீயும் வந்து எங்கூட இருண்ணே," என்றான். அவன் கெஞ்சலில் பொய் இல்லை. ஆனால் தம்பி சோற்றில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? நெஞ்சில் நம்பிக்கை கொஞ்சம் இருந்திருந்தால் போயிருப்பேன். அது எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தது.

போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், கப்பலுக்குப் போகும் வழியில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். அதில் இருந்தவர் ஒரு தமிழ்க் கிராணி, என்னைவிடச் சற்று மூத்தவராக இருப்பார். அவர் உட்கார்ந்திருந்தது போன்ற ஒரு நாற்காலிக்காகத்தான் நான் அவ்வளவும் எழுதினேன். என் காகிதங்களை வாங்கிவிட்டுத் தலை நிமிராமல் கேட்டார்.

"பேரு? வயசு?"

சொன்னேன்.

"பொறந்த ஊரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் இருந்து அம்மாவின் குரல் கேட்டது. அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"மலாக்கா! காஜா பேராங்குல பொறந்தான். எம் புள்ள இங்கதான் பொறந்தான்."

அப்பா திரும்பிப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். கிராணி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"இதுல வேற மாதிரில்ல இருக்கு?"

"கடுதாசி தப்பு தம்பி. பெத்தவ நான் சொல்றேன், எனக்குத் தெரியாதா? நான் சொல்றத எழுதிக்கிங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் எழுதி, முத்திரை குத்தி, காகிதங்களை என்னிடம் நீட்டினார். காகிதத்தில் இருந்த அம்மாவின் கிராமத்தைத்தான் எழுதியிருந்தார். வேறு எப்படி எழுத முடியும்?

கப்பல் படியில் ஏறும்போது அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"மலாக்கான்னே எழுதிட்டாருல்ல?" என்றாள். "இனிமே யாரும் ஒன்ன ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீ எப்ப வேணும்னாலும் திரும்பி வந்துரலாம்."

ஆமாம் என்றேன். அவள் மறுபடியும் கேட்டாள். மறுபடியும் ஆமாம் என்று சொல்லி, அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.