உப்புத் தின்ற கட்டை

செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடம் முடிந்து ஆசிரியர் அறைக்குள் வந்தபோது, என் கைபேசியில் ஐந்து அழைப்புகள் தவறியிருந்தன. ஐந்தும் பஸ்லியாவிடமிருந்து. ஜௌபர் நானாவின் மகள். திருப்பி எடுத்தபோது அவள் அழவில்லை. "டீச்சர், வாப்பா மௌத்தாயிட்டாங்க. விடியத் தொழுதுட்டு வந்து நெஞ்சு நோகுது எண்டாங்க, அவ்வளவுதான். லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். நீங்க வருவீங்கதானே?" என்றாள். "ஓம் பிள்ளை, வாறேன்" என்று சொல்லிவிட்டுக் கைபேசியைப் பைக்குள் வைத்தேன். எந்த முகத்தோடு போவேன் என்பதுதான் எனக்கு முதலில் வந்த நினைப்பு. ஒரு மனுஷன் செத்த செய்தி கேட்டவளுக்கு முதலில் வரவேண்டிய நினைப்பா அது?

ஊரே அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிட்ட அவரை எத்தாளையிலிருந்து கற்பிட்டி வரை தெரியாதவர்கள் குறைவு. பகலில் உப்பளத்து வேலை. பின்னேரத்தில் கீபோட். கலியாண வீடு, எங்கள் மாதா கோயில் திருநாள், காற்றுக் காலத்தில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரரின் ஹோட்டல்கள் என்று எல்லா இடத்திலும் அவர் வாசித்தார். போன வாரம் நடந்த இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் "நல்ல மனுஷன்", "பெரிய கலைஞன்" என்று வாய் வலிக்கப் பேசினார்கள். நானும் முன்வரிசையில் இருந்து தலையாட்டினேன். அவருக்கு உரிய ஒரு விஷயத்தை மட்டும் அங்கே ஒருவரும் சொல்லவில்லை, ஏனென்றால் அவர்களுக்கு அது தெரியாது. தெரிந்தவள் நான். நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி இந்த நினைவுமலர்க் குழுவினர் கேட்டிருக்கிறார்கள். நல்லது நிறைய இருக்கிறது. அதில் எனக்குப் பங்கில்லை.

முதலில் அந்தக் கீபோட். உப்புக்காற்றடிக்கும் களப்போரத்து வீடு, உப்பளத்து வேலை, உப்பு ஊறிய கை. அந்தப் பெட்டி எத்தனை நாளைக்குத் தாங்கும்? நடுவிலிருந்த ஒரு வெள்ளைக் கட்டை வாய் பேசாமல் போனது. கொழும்புக்குக் கொண்டுபோய் இரண்டு தரம் திருத்தினார். இரண்டு தரமும் மூன்றே மாதத்தில் உப்பு அதைத் தின்றுவிட்டது. பிறகு அதன் மேல் ஓர் ஒட்டுப்பிளாஸ்டரை ஒட்டிவிட்டு, விரல் அதில் படாமல் தாண்டித் தாண்டி வாசிக்கப் பழகிவிட்டார். "புதுசு ஒண்டு பார்ப்பமே நானா" என்றால் சிரிப்பார். "கட்டை செத்தா என்ன டீச்சர், கை உசிரோடதானே இரிக்கி" என்பார். கேட்கிறவர்களுக்கு ஒரு சுரம் குறைகிறது என்றே தெரியாது. அப்படித் தாண்டுவார் மனுஷன்.

என் தம்பி ஜெறோம்தான் அவரோடு பாடியவன். இரண்டே பேர், ஒரு பெட்டி, ஒரு ஒலிவாங்கி. அதற்கு முன் எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் எட்டுப் பேர் கொண்ட வாத்தியக் குழு வந்து மேடையை நிரப்பும். இவர்கள் இரண்டு பேரும் அந்த எட்டுப் பேரின் சத்தத்தைத் தனியே எழுப்பினார்கள். அம்மா இறந்தபோது ஜெறோமுக்கு ஆறு வயது. தூக்கி வளர்த்தவள் நான், ஆனால் அவனுக்குத் தாளத்தில் நிற்கக் கற்றுக்கொடுத்தவர் நானா. "அவசரப்படாதீங்க தம்பி, பாட்டு எங்கயும் ஓடாது" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பார்! அவன் கேட்டால்தானே.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டில் ஒத்திகை. ஜெறோம் வழமைபோலக் குளித்து முடியவில்லை. நான் சாப்பாட்டு மேசையில் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நானா சும்மா இருக்கமாட்டாமல் எதையோ வாசித்துப் பார்த்தார். நான்கு வரி மெட்டு. ஏறி வந்து, அந்தச் செத்த கட்டை இருக்கும் இடத்தில் மூச்சுப் பிடித்ததுபோல ஒரு கணம் நின்று, பிறகு அதற்கு அடுத்ததில் விழும். சிவப்புப் பேனையை வைத்துவிட்டேன். "இது எங்க கேட்டது நானா?" என்று கேட்டேன். "எங்கயும் இல்ல. இப்பதான் வந்திச்சு. இதுக்கு இங்கிலீசில ரெண்டு வரி தாங்க டீச்சர், ஹோட்டல்ல பாடலாம்" என்றார். ஒரு பரீட்சைத்தாளின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொடுத்தேன். ஜெறோம் ஈரத்தலையோடு வந்து அதைப் பாடினான், தன் கைபேசியில் பதிவும் செய்தான். அந்தப் பெட்டியிலிருந்து அந்த மெட்டு பிறந்ததைக் கண்ணால் கண்ட சாட்சி இந்த உலகத்தில் நான் ஒருத்திதான்.

ஜெறோம் படிக்கவென்று லண்டனுக்குப் போனான். அங்கே எமிலி என்ற பிள்ளையோடு சேர்ந்தான். அவள் பாடுவாள், இவன் மின்வாத்தியம். அங்கேயும் இரண்டே பேர். முதலில் தங்கள் அறையிலிருந்து, பிறகு மதுச்சாலை மூலைகளில், பிறகு சின்ன வானொலி ஒன்றில், பிறகு கோடை விழாவில் ஒரு கூடாரம் நிறைந்த சனத்துக்கு முன்னால். ஒவ்வொரு படியையும் காணொளியாக அனுப்புவான். நானாவும் நானும் எங்கள் மேசையில் கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்துப் பார்ப்போம். "பாருங்க டீச்சர், நம்மட பொடியன்!" என்று தொடையில் தட்டுவார். ஹோட்டல் சமையல்காரரிடமும் உப்பளத்துச் சிங்கள மேற்பார்வையாளரிடமும் போய்ச் சொல்லுவார். பெற்ற தகப்பன்கூட அப்படிப் பூரித்திருக்கமாட்டான்.

அவர்களை மேலே தூக்கிய பாட்டும் அதே மேசையில்தான் எங்களுக்கு வந்தது. முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நானாவைப் பார்த்தேன். அவர் விரல்கள் மேசைமேல் அசைந்தன, அந்த இடத்தில் தாண்டின. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அங்க அவனுக்கிட்ட எல்லாக் கட்டையும் நல்லா இரிக்குமே டீச்சர். அவன் ஏன் தாண்டுறான்?" என்றார். கோபமே இல்லை. உப்புத் தின்ற ஒரு கட்டைக்காக வந்த தாண்டலை லண்டனில் புத்தம்புது வாத்தியத்தில் பக்தியோடு தாண்டிக்கொண்டிருந்தார்கள்! அங்குள்ள விமர்சகர்கள் அந்த விடுபட்ட சுரத்தைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதினார்கள். "மௌனத்தை நான் கடலிடம் கற்றேன்" என்று எங்கள் வீட்டுப் பெரியவர் ஜெறோம் பேட்டி கொடுத்தார். கடலிடமாம்! கடல் என்றைக்கடா வாயை மூடியது?

இசைத்தட்டு வந்தபோது அட்டையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சொற்கள் என்ற இடத்தில் என் பெயர். மெட்டு என்ற இடத்தில் "பாரம்பரியப் பாடல்" என்றிருந்தது. பொய் சொல்லக்கூடாது, என் பெயரைப் பார்த்து எனக்கு உச்சி குளிர்ந்தது. பாடசாலை முழுக்கக் காட்டித் திரிந்தேன். நானாவுக்குக் காட்ட மட்டும் நான்கு நாள் எடுத்தேன். அவர் நிறைய நேரம் பார்த்தார். "தம்பிக்கு மறந்திருக்கும். பேர மட்டும் போடச் சொல்லுங்க டீச்சர். வேற ஒண்டும் வாணாம்" என்றார். அவர் எங்களிடம் கேட்டது வாழ்நாளில் அது ஒன்றுதான்.

கேட்டேன். "அடுத்த தட்டில பார்ப்பம் அக்கா" என்றான். அடுத்த தட்டும் வந்தது, பெயர் வரவில்லை. பிறகு ஒரு நாள் அவனே அழைத்தான். லண்டன் வானொலியிலிருந்து ஒரு பெண் வருகிறாள், அந்தப் பாட்டு பிறந்த கரையைப் பற்றி நிகழ்ச்சி செய்யப்போகிறாள், நீதான் மொழிபெயர்க்கவேண்டும் என்றான். "நானாவையும் பார்க்கக் கேட்கிறா. பழைய கரைப்பாட்டு எண்டு நான் எழுதிக் குடுத்திட்டன் அக்கா. இப்ப மாத்தினா நான் கள்ளனாயிடுவன். இங்க இருக்கிற விசாவும் போயிடும். நீ பார்த்துக்கொள்" என்றான். பார்த்துக்கொள். அந்த ஒரு சொல்லை என் தலையில் போட்டுவிட்டுக் கைபேசியை வைத்துவிட்டான்.

அன்றைக்கு நானா இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டோடு வந்தார். கீபோடை ஒரு துவாயில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அந்தப் பெண் ஒலிவாங்கியை நீட்டி, இந்தப் பாட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள். அவர் துவாயை விரித்து, பிளாஸ்டரைக் காட்டி, ஆறுதலாகச் சொன்னார்: "இது நான் போட்ட மெட்டு. இந்தக் கட்டைய உப்புத் திண்டிச்சு. அதனாலதான் அந்த எடத்தில தாண்டுது. டீச்சரும் பாத்துக்கொண்டிருந்தாங்க. கேட்டுப் பாருங்க."

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "இது இந்தக் கரையின் மிகப் பழைய பாட்டு, யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது, தன் முன்னோரிடம் கேட்டுக் கற்றதாகச் சொல்கிறார்." இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. குரல்கூட நடுங்கவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளை மொழிபெயர்க்கச் சொல்கிறவள் நான். அந்தப் பெண் நெகிழ்ந்துபோய் நானாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவர் அவளுக்கு மெல்ல "தேங்க்யூ மேடம்" என்றார். கீபோடைத் துவாயில் திரும்பவும் சுற்றினார். எழும்பிப் போகும்போது வாசலில் என்னைப் பார்த்து, "டீச்சர் நல்லா இங்கிலீஷ் பேசுறீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வழியில் கண்டால் சைக்கிளை நிறுத்தி, "சுகமா டீச்சர், தம்பி சுகமா?" என்று கேட்பார். நோன்பு மாதம் வந்தால் பஸ்லியா வழமைபோலத் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவருவாள். ஒரு வருஷம்கூடத் தவறவில்லை. அவருக்கு விளங்கவில்லை, ஹோட்டல் இங்கிலீஷ்தானே என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். அந்தக் கஞ்சியைக் குடித்தும் விட்டேன். வெள்ளைக்காரருக்கு முன்னால் இருபது வருஷம் வாசித்த மனுஷனுக்கு அந்த மூன்று வரி விளங்காது என்று நம்பினேனே, இதைவிட முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேறு யாரால் முடியும்?

அந்தச் செவ்வாய்க்கிழமை ஜனாசா வீட்டில் பஸ்லியா என்னை உள்ளே கூட்டிப்போய்ப் பெண்களோடு இருத்தினாள். வெளியே உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கும் சத்தம் கேட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, என் காதோடு சொன்னாள். "அண்டைக்கு ரேடியோக்காரி வந்த நாள் வாப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடல்ல டீச்சர். நாங்க சண்டைக்கு வரப்போனம். வாப்பாதான் மறிச்சாங்க. டீச்சர் அப்பிடிச் சொன்னது தம்பிக்காக, தாயில்லாப் பிள்ளைய வளத்தவங்க, ஒருத்தரும் அவங்களுக்கிட்ட ஒண்டும் கேக்கப்படாது எண்டாங்க." அவள் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. தன் வாப்பா எவ்வளவு நல்லவர் என்று சொல்ல எனக்குச் சொன்னாள். அந்த இடத்திலேயே நிலம் பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரம் ஜெறோமும் எமிலியும் தங்கள் பக்கத்தில் ஒரு படம் போட்டார்கள். உப்பளத்தில் சூரியன் விழுகிற படம். "எங்கள் கரையின் ஒரு முதிய இசைஞர் மறைந்தார்" என்று கீழே ஒரு வரி. அதிலும் பெயரில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் அதற்கு இதயம் போட்டிருந்தார்கள். அவனை வளர்த்த கையும் என் கைதானே, யாரைப் போய் ஏசுவது?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, அந்த வானொலிப் பெண்ணுக்கு மின்னஞ்சலில் ஒரு கடிதம் எழுதினேன். அன்று அவர் தமிழில் சொன்னது உங்கள் ஒலிப்பதிவில் இருக்கும், தமிழ் தெரிந்த யாரிடமாவது கொடுத்துக் கேளுங்கள், நான் மாற்றிச் சொன்னேன், அந்த மெட்டு முகம்மது காசிம் ஜௌபருடையது, நான் கண்ணால் கண்ட சாட்சி என்று எழுதி, என் பெயரையும் பாடசாலைப் பதவியையும் கீழே போட்டேன். இரண்டாம் நாள் ஜெறோம் அழைத்தான். "என்னக்கா செய்துவிட்டாய்? நான் அழிஞ்சன்" என்று கத்தினான். "மொழிபெயர்ப்பில் ஒரு பிழை இருந்தது, திருத்தினேன்" என்றேன். அழைப்பைத் துண்டித்துவிட்டான். இன்றுவரை எடுக்கவில்லை. அவனுக்கு அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. என்றாலும் எழுதியதைத் திருப்பி வாங்கமாட்டேன்.

அவரை அறிந்தவர்களே, பெயரைப் போடச் சொன்ன மனுஷனுக்கு அது உயிரோடு இருக்கையில் கிடைக்கவில்லை. இந்த மலரிலாவது இருக்கட்டும் என்றுதான் இவ்வளவையும் எழுதினேன். பஸ்லியா அந்தக் கீபோடை என்னிடம் தர வந்தாள், வாப்பாவின் ஞாபகமாக வைத்திருங்கள் என்றாள். அதை வாங்க எனக்கு யோக்கியதை இல்லை என்று திருப்பி அனுப்பினேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது வேறொன்று. வகுப்பில் ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு வசனத்தைப் பிழையில்லாமல் சொன்னால், முதுகில் தட்டி "நல்லா இங்கிலீஷ் பேசுறீங்க" என்று சொல்வது முப்பது வருஷமாக என் வழக்கம். இப்போது வாயைத் திறக்கிறேன், அந்த இடம் வந்ததும் நிற்கிறேன், தாண்டி அடுத்த பிள்ளையிடம் போய்விடுகிறேன்.